வலது தகட்டின் பதினான்காவது ஓட்டை

நான் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்துப் பிள்ளைகள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். அதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். "ஸ்டெல்லா மேடம், அந்த விண்வெளி நிலையத்தை இன்னும் சில வருஷத்துல கடல்ல இறக்கிடப் போறாங்களாம். நீங்க அதுக்கு வேலை செஞ்சவங்களாச்சே. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில், ஒரு தப்பையும் தவறவிடாத கண் என்று என்னைப் பற்றிப் பேசிய பிள்ளைகள்தான் இவர்கள். சந்தோஷமாக ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

விண்வெளி நிலையத்துக்கு வேலை செய்தேன் என்பது பெரிய பேச்சு. அந்த நிலையத்தைத் துண்டு துண்டாகத் தரையில் செய்து, பெரும்பாலானவற்றை விண்வெளி ஓடத்தின் வயிற்றில் வைத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓடத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு துண்டும் தரையில் ஒரு இரும்புத் தொட்டிலில் கிடக்கும். அதைச் சுற்றி ஆட்கள் ஏறி நிற்க மேடை, ஏணி, கைப்பிடிக் கம்பி எல்லாம் வேண்டும். அந்தத் தொட்டிலுக்கும் ஏணிக்கும் அமெரிக்காவில் யாரோ பழைய முறையில் தாளில் படம் போட்டிருந்தார்கள். தாளில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டும். அந்த வேலை எத்தனையோ கை மாறி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு வந்தது. நான் அங்கே செக்கர், அதாவது சரிபார்ப்பவள். தொட்டிலைச் செய்தது நாங்கள் இல்லை. அதன் படத்தைப் பார்த்துப் படம் போட்டோம், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஐ.டி.ஐ.யில் ட்ராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தேன். வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே சில வருடம் டிரேசிங், அதாவது படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து மையால் நகலெடுக்கும் வேலை பார்த்தேன். மை சிந்தினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், தாள் கிழியக் கூடாது. அங்கே கற்றது அவ்வளவுதான். பிறகு கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். பாதுகாப்புத் துறை ஊழியரான என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கரையான்சாவடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். தொண்ணூற்று நாலில் அம்பத்தூர் வேலை கிடைத்தது.

அங்கே எங்கள் மேலாளர் கோதண்டராமன் சார். முப்பது வருடம் அரசாங்க வரைபட அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தாளோடு அவர் மேஜைக்குப் போனால் அதை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் படிப்பார். படித்து முடித்ததும் மறுபடி நம் பக்கம் திருப்பி, விளிம்பு மேஜை விளிம்புக்கு நேராக இருக்கும்படி வைப்பார். எங்கள் எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். பேச்சு முடிந்துவிட்டது என்றால் "நல்லது" என்பார். அந்த வார்த்தைக்குப் பிறகு அங்கே நிற்கக் கூடாது. நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

எங்கள் வேலைக்கு அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. இருப்பதை இருப்பதுபோல் போட வேண்டும். மூலப் படத்தில் எழுத்துப்பிழை இருந்தால் நம் படத்திலும் அதே எழுத்துப்பிழை இருக்க வேண்டும். கோடு கோணலாக இருந்தால் கோணலாகவே. சந்தேகம் வந்தால் அதற்கென்று ஒரு தாள் உண்டு. அதில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்து வாடிக்கையாளருக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். பதில் வரும்வரை அந்தப் படம் நிற்கும்.

செக்கர் வேலைக்கும் ஒரு முறை உண்டு. ட்ராஃப்ட்ஸ்மேன் போட்ட படத்தைத் தாளில் அச்செடுப்பார்கள். அதை மூலப் படத்துக்குப் பக்கத்தில் விரித்துக்கொள்வேன். இடது கைவிரல் மூலத்தில் ஒரு கோட்டின் மேல் இருக்கும். வலது கையில் மஞ்சள் பென்சில். கோடு ஒத்துப்போனால் அச்சில் அதன் மேல் மஞ்சள் பூசுவேன். எண் ஒத்துப்போனால் எண்ணின் மேல். தப்பாக இருந்தால் சிவப்பு. ஒரு தாள் முடியும்போது எல்லாக் கோடும், எல்லா எண்ணும், எல்லா ஓட்டையும் ஏதாவது ஒரு நிறத்தில் இருந்தாக வேண்டும். வெள்ளையாக ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். முடித்ததும் ஓரத்தில் கையெழுத்துப் போடுவேன். செக் பிரிண்ட் என்கிற அந்த அச்சைக் கோப்பில் போட்டு வைப்பார்கள்.

சேகர் எங்கள் ட்ராஃப்ட்ஸ்மேன்களில் வேகமானவன். குமணன்சாவடிக்காரன். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. காலையில் பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி, எனக்கு இடம் போட்டு வைப்பான். மற்றவர்கள் இரண்டு நாள் போடுகிற படத்தை ஒரே நாளில் போடுவான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேஜைக்கு வந்தான்.

"யக்கா, ஒரு நிமிசம் வந்து பாரேன். மெய்யாலுமே தப்பு ஒண்ணு மாட்டிகினு கீது."

தொட்டிலின் இரண்டு தகடுகள் அவை. இடது தகடு ஒரு தாளில், வலது தகடு இன்னொரு தாளில். கும்பிடும்போது உள்ளங்கை இரண்டும் சேர்கிறதே, அதுபோல் அவை முகத்தோடு முகம் சேரும். ஒவ்வொன்றிலும் பதினான்கு ஓட்டை. சேர்த்தால் ஓட்டைக்கு நேராக ஓட்டை வர வேண்டும், அப்போதுதான் போல்ட் நுழையும். சேகர் இடது தகட்டை வரைந்துவிட்டு, வலதுக்காக அதையே கம்ப்யூட்டரில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டிருந்தான். எல்லோரும் செய்வதுதான். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டிருக்கிறான்.

"பதிமூணு ஓட்டை கரீட்டா குந்திகினு கீது. இது ஒண்ணு மட்டும் பாரு, அந்தாண்ட பூட்ச்சு. அவன் திருப்பாமலே வெச்சிட்டான்கா."

எனக்குப் பழைய டிரேசிங் பழக்கம் உண்டு. இரண்டு மூலத் தாளையும் எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் குப்புறத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக லைட் டேபிளின் கண்ணாடியில் வைத்து அடியில் விளக்கைப் போட்டேன். பதிமூன்று வட்டங்கள் ஒன்றாகத் தெரிந்தன. பதினான்காவது மட்டும் இரண்டு இடத்தில், இரண்டு வட்டமாக. சேகர் சொன்னது சரி.

சந்தேகத் தாள் எழுதினேன். படத்தின் எண், ஓட்டை இருக்கும் இடம், இருக்க வேண்டிய இடம், எல்லாம் எழுதி சார் மேஜையில் வைத்தேன். அவர் தன் பக்கம் திருப்பிப் படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு திருப்பித் தராமல் மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார்.

"ஸ்டெல்லாம்மா, இந்த மாசம் நாம நெறைய சந்தேகம் கேட்டுட்டோம்னு அவங்க எழுதியிருக்காங்க. அடுத்த தவணை வேலைய யாருக்குக் குடுக்கறதுன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. இதுவும் இப்பப் போக வேண்டாம்."

"தகடு ரெண்டும் சேராது சார்."

"அது அவங்க தகடு. நம்மகிட்ட கேட்டது நகல். நீங்க இருக்கறபடியே அனுப்பிடுங்க. நல்லது."

நான் வெளியே வந்தேன். சேகர் காத்திருந்தான்.

"இன்னா சொன்னாரு?"

"இப்ப அனுப்ப மாட்டாராம்."

"அப்போ நான் இன்னாத்த போடறது?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நீ முடிச்சு அனுப்பு. நான் பாத்துக்கறேன்." சார் சொன்னதை முழுதாகச் சொல்லவில்லை. இருப்பதுபோல் போடு என்று சொல்லவில்லை. சரியானதைப் போடு என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது நடந்தாலும் என் வாயால் வந்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மறுநாள் அச்சு என் மேஜைக்கு வந்தது. வலது தகட்டில் பதினான்காவது ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மூலத்தில் இருக்கும் இடத்தில் இல்லை. விதிப்படி நான் சிவப்பு போட வேண்டும். அந்த ஓட்டையைப் பிடிவாதமாகத் தப்பான இடத்துக்குத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பே இந்தத் தொழிலைக் கற்றவளுக்கு அது அசிங்கமாக இருந்தது. மஞ்சள் பூசினேன். கையெழுத்துப் போட்டேன். சேகரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தூரத்தில் இருந்து பார்த்துச் சிரித்தான்.

ஆறு வாரம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. அவர்கள் சில படங்களை எடுத்து மூலத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலது தகடு மாட்டியது. எது சரி, எது தப்பு என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நகலில் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்திருக்கிறீர்கள், அப்படியானால் இதுவரை அனுப்பிய எதையும் எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அதையும் சொல்ல வேண்டும்.

அன்று காலையே கோதண்டராமன் சார் அறையில் விசாரணை. சார், முதலாளியின் தம்பி, சேகர், நான். மேஜையின் மேல் செக் பிரிண்ட் விரித்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, பதினான்காவது ஓட்டையின் மேல் என் மஞ்சள்.

"ஏன் மாத்தினீங்க?" என்று சார் கேட்டார்.

"நான் மாத்தல சார். மூலமே தப்பு. சரியானத்த அப்பிடியே உட்டுட்டேன்."

"சரி தப்பு சொல்ல உங்களை வெக்கல. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஸ்டெல்லாக்காவாண்ட சொன்னேன். அவங்க சந்தேகத் தாளு எழுதிக் குடுத்தாங்களே, உங்களாண்டதான் கீது."

முதலாளியின் தம்பி சாரைப் பார்த்தார். சார் அசையவில்லை. இழுப்பறை பக்கம் அவர் கை போகவில்லை.

"அப்படி ஒரு தாள் எனக்கு வந்த ஞாபகம் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லாம்மா, ஓட்டை இடம் மாறியிருந்ததை நீங்க செக் பண்ணும்போது கவனிச்சீங்களா?"

செக் பிரிண்ட் அவர் முன்னால் இருக்கிறது. மஞ்சள் பூசியிருக்கிறது. கவனித்தேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். கேட்டுவிட்டு, படத்தின் மேல் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார், அந்த ஓட்டை மறையும்படி. எனக்கு அவர் என்ன கொடுக்கிறார் என்று புரிந்தது. வேகமான ட்ராஃப்ட்ஸ்மேன் நாலு பேர் கிடைப்பார்கள். செக்கர் கிடைப்பது கஷ்டம். தவிர, நான் உண்மையைச் சொன்னால் அந்தத் தாளும் இழுப்பறையிலிருந்து வெளியே வர வேண்டியிருக்கும்.

"கவனிக்கல சார்" என்றேன். "அசதியில விட்டுப்போச்சு."

"தாள் எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது."

சேகர் உள்ளே ஒன்றும் கத்தவில்லை. அவனுக்கு ஆத்திரம் வந்து நான் பார்த்திருக்கிறேன், கேன்டீனில் சாம்பாருக்காகக்கூடச் சண்டை போடுவான். பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில்தான் என்னைப் பிடித்தான்.

"மஞ்சப் பென்சிலு உன் கையிலதானேக்கா இருந்துச்சு?"

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று சொல்ல நினைத்தேன். அவனுக்கும் ஒரு குழந்தை இருந்தது, அதனால் அதையும் சொல்ல முடியவில்லை.

அவனை அன்றே அனுப்பினார்கள். அனுப்பும்போது கொடுத்த கடிதத்தில், வாடிக்கையாளரின் ஆவணத்தைத் தன்னிச்சையாக மாற்றியதற்காக நீக்கப்பட்டார் என்று எழுதியிருந்தார்கள். அம்பத்தூரிலும் கிண்டியிலும் படம் போடும் நிறுவனங்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அந்தக் கடிதத்தோடு அவன் எங்கேயும் நுழைய முடியாது. மறுநாள் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

அடுத்த வருடம், புதிதாக வந்த படக்கட்டு ஒன்றில் அதே எண்ணில் ஒரு படம் இருந்தது. வலது தகடு, திருத்திய பதிப்பு. ஓரத்தில் திருத்தங்கள் எழுதும் கட்டத்தில், ஓட்டையின் இடம் சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி, பக்கத்தில் யாரோ ஒரு அமெரிக்கப் பொறியாளரின் மூன்று எழுத்துச் சுருக்கொப்பம். அங்கே யாரோ போல்ட்டை நுழைத்துப் பார்த்திருப்பார்கள், நுழைந்திருக்காது. அதில் யாரும் சாகப் போவதில்லை. ஓட்டையை வேறிடத்தில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். அந்த ஓட்டையால் வாழ்க்கை கெட்டது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

படத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"சேகர் சொன்னது சரிதான் சார். இப்ப அவங்களே மாத்தியிருக்காங்க. அவனைத் திரும்பக் கூப்பிடலாம் இல்லியா?"

"தப்பாப் போட்டதுக்காக அவரை அனுப்பலையேம்மா. சொல்லாமப் போட்டதுக்காக அனுப்பினோம்."

"சொன்னானே சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம் என்றுகூடச் சொல்லலாம்.

"யார்கிட்ட? விசாரணையில நீங்க தாள் எழுதலைன்னுதானே சொன்னீங்க?"

படத்தை என் பக்கம் திருப்பி, மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார். "இருக்கறபடியே போட்டு அனுப்பிடுங்க" என்றார். அப்படியே போட்டு அனுப்பினோம். அதற்கும் நான்தான் மஞ்சள் பூசினேன்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் நம் நாடு அணுகுண்டு சோதித்தது. ஆவடியில் பட்டாசு வெடித்தார்கள். அமெரிக்கா நம்மீது தடை போட்டது. பதினைந்து நாளில் எங்களுக்கு ஃபேக்ஸ் வந்தது, எல்லா மூலங்களையும் ஒரு தாள் விடாமல் திருப்பி அனுப்புங்கள், இனி இந்தியாவுக்கு இந்த வேலை கிடையாது என்று. ஒரு வாரம் பெட்டி கட்டினோம். மாடியில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம், எல்லோரையும் அனுப்பினார்கள். கோதண்டராமன் சாருக்கு வேறொரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. தன்னோடு நாலு பேரை அழைத்துக்கொண்டு போனார். அதில் நானும் ஒருத்தி.

அங்கே சேர்வதற்கு முன் ஒரு நாள் சேகரைத் தேடிப் போனேன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் தகடு வெட்டுகிறான் என்று சொன்னார்கள். மதியம் சங்கு ஊதியதும் வெளியே வந்தான். கை முழுக்க எண்ணெய். என்னைப் பார்த்ததும் நின்றான். திருத்திய படம் வந்ததைச் சொன்னேன். நீ சொன்ன இடத்தில்தான் ஓட்டையை வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"எப்போ வந்துச்சு?"

"போன வருஷம்."

"போன வருசமா? இத்த சொல்லவாக்கா இவ்ளோ நாளு கயிச்சு வந்தே?"

சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தினான். கோபமாகப் பேசுவான் என்று நினைத்தேன். யோசித்துத்தான் பேசினான்.

"சரி, ஆனது ஆச்சு. நீ ஒண்ணு செய்யிக்கா. நடந்தத்த ஒரு காயிதத்துல எயுதிக் குடு. நான் செஞ்சது சரி, நீ பாத்துதான் அனுப்புனேன்னு. கீய உன் கையெயுத்து. அத்த வெச்சிகினு நான் திரும்ப ட்ராயிங் வேலைக்குப் போவேன். இங்க குந்திகினு தகடு வெட்ட எனுக்குப் புடிக்கல."

"தரேன் சேகர்" என்றேன். "கண்டிப்பா தரேன்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அவன் அந்தக் கடிதத்தோடு எங்கே போனாலும் அவர்கள் விசாரிக்கப்போவது கோதண்டராமன் சாரைத்தான் என்று தோன்றியது. நான் அவரோடு புது இடத்தில் சேர இன்னும் நாலு நாள் இருந்தது. எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயில் பூசை முடிந்து வரும்போது வாசலில் நின்றிருந்தான். சுத்தமான சட்டை போட்டிருந்தான். இந்த வாரம் தருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறும் வந்தான். ஜன்னல் வழியாக அவன் வருவதைப் பார்த்துவிட்டேன். பெரிய மகளிடம், அம்மா வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. போய்ச் சொன்னாள்.

"செருப்பு கீதே பாப்பா" என்று அவன் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. பிறகு, "சரி, வந்தா சேகர் வந்தான்னு சொல்லு" என்றான். அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் டிவி செய்தியில் காட்டினார்கள். விண்வெளி ஓடத்தின் நீளமான இயந்திரக் கை, மேலே முதல் இரண்டு துண்டுகளைச் சேர்த்தது. சின்னவள் "அம்மா, உன் ஸ்டேஷன்" என்று கூச்சல் போட்டாள். பெரியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டிவியை அணைத்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. அந்தப் பொய்யை அவள் வாயால் சொல்ல வைத்ததைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை.

பிறகு அந்தப் புது இடத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், பதவி உயர்ந்தேன். கோதண்டராமன் சார் இறந்து பல வருடம் ஆகிறது. சேகர் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கிடங்கு இருக்கிறது. போய் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இனி எந்த நிறுவனமும் அவனிடம் கடிதம் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் மலருக்கு என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோது இதைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை. பிள்ளைகள் கடைசிப் பத்தியை வெட்டாமல் போட வேண்டும்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு. தொட்டிலின் வலது தகட்டில் பதினான்காவது ஓட்டையைச் சரியான இடத்தில் வைத்தவர் சேகர், ட்ராஃப்ட்ஸ்மேன், குமணன்சாவடி. அவர் வேலை நேர்த்தியானது. மூலத்தில் தவறு இருப்பதை அவர் உடனே என்னிடம் சொன்னார், நான் எழுத்தில் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் போட்ட படத்தை நான் பார்த்தேன், சரி என்று தெரிந்தே மஞ்சள் பூசிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் கவனிக்கவில்லை என்றும், தாள் எழுதவில்லை என்றும் சொன்னேன். இரண்டும் பொய்.

ஸ்டெல்லா, செக்கர்.